ஆகாசத் துகள் எங்கள் அக்காவைக் கொல்லவில்லை

சேர்வராயன் சாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அக்கா இறைவனடி சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருட நினைவு மலரிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவன் நான். விஞ்ஞான விஷயத்தில் பிசகாக எதையாவது எழுதிவிடுவேனோ என்று பயந்தே நாள் போய்விட்டது. ஆனால் வானத்துக் கதிர் பட்டு அக்கா இறந்தார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சால் அக்காவின் வீடு இன்றும் ஊர்ப் பொங்கலில் சேராமல் நிற்கிறது.

அக்கா செம்மநத்தத்தில் பிறந்தார். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவரே. வாழவந்திக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மாமா பஸ் விபத்தில் போய்விட்டார். பிறகு, வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் ஊருக்கு மேலே சரிவில் தகரக் கூரை போட்டு வரிசையாகப் பெட்டிகள் வைத்தார்கள். வானத்திலிருந்து ஓயாமல் விழும், கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணும் பெட்டிகள் அவை. அவற்றைத் துடைக்கும் வேலைக்கு அக்கா போனார்.

ஒருநாள் சோறு கொண்டுபோனபோது, ஆராய்ச்சி செய்யும் அம்மையாரிடம் அக்கா பேசிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

"ஏனுங்க மேடம், இது எங்கிருந்துங்க வருது?"

"வெடிச்சுப்போன நட்சத்திரத்துலேருந்து நிறைய வருதுன்னு நினைக்கிறோம். ரொம்ப பலமா வர்றது நம்ம நட்சத்திரக் கூட்டத்துக்கே வெளியிலேருந்து. சரியா எந்த இடம்னு இன்னும் யாருக்கும் தெரியலை."

"வர்ற தெசையப் பாத்தாத் தெரியாதுங்களா?"

"வழியெல்லாம் காந்தசக்தி இருக்கு அக்கா. வளைச்சு விட்டுடும். வந்து விழற திசைய வச்சு, பொறப்பட்ட இடத்தப் பெரும்பாலும் சொல்ல முடியாது."

"எந்தூருன்னே தெரியாத விருந்தாளிக்கா இத்தன பொட்டி போட்டுக் காத்துட்டு இருக்கறீங்க?" என்றார் அக்கா. அம்மையார் கையிலிருந்த டீ சிந்தச் சிரித்தார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெட்டியால் வந்த நோயல்ல என்று சேலத்து டாக்டர் தெளிவாகவே சொன்னார். ஊரிலோ, இடிதாங்கி இடியை வாங்குவதுபோல அந்தப் பெட்டி வானத்து நெருப்பை இழுக்கிறது என்று பேச்சாகிவிட்டது. யார் தொடங்கியது என்று விசாரித்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு வீட்டுக்கு ஒரு பிடி சாமை போட்டு, ஒரே பானையில் பொங்குவது வழக்கம். அந்த வருடம் அக்கா நிற்க மாட்டாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு முறத்தில் சாமையோடு வந்தார். ஊர்ப் பெரியவர் பானை வாயைக் கையால் மறைத்தார்.

"வேண்டாங் கண்ணு. ஆகாச நெருப்புப் பட்ட கையி. ஊரே திங்கிற சோறு இது."

"ஏனுங்க மாமா, அது என்ற கையில மட்டுமா உழுவுது? உங்க தலையிலயும் இந்தப் பானையிலயும் இப்ப உழுந்துட்டுத்தானுங்க இருக்குது. பொட்டி அதக் கூப்புடறதில்லீங்க. வர்றத எண்ணுது, அவ்வளவுதானுங்க."

"அப்ப நாங்கெல்லாம் கொடை புடிச்சுட்டுத் திரியோணுமா?" என்று ஒருவர் கேலி பேசினார்.

"கொடையையும் தாண்டிப் போயிருமுங்க" என்றார் அக்கா. சிலர் சிரித்தார்கள். பெரியவர் கையை எடுக்கவில்லை.

அந்தச் சாமையை அக்கா வீட்டில் தனியாகப் பொங்கி அம்மனுக்குப் படைத்தார். ஒரு வாய்கூட அவரால் விழுங்க முடியவில்லை. ஐப்பசி மழையில் காலமானார். பாடை தூக்க வந்தவர்கள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தேன்.

மழையிலும் ஜீப் கொண்டுவந்த எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டருக்கும், கடைசி நாள் வரை பார்க்க வந்த அம்மையாருக்கும், வெறுங்கையால் அக்காவைக் குளிப்பாட்டிய கொட்டச்சேடு ஊர்ச் சித்திக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் நோம்பிக்கு அக்காவின் மகள் ஒரு பிடி சாமையோடு பானை முன் நிற்கப் போகிறாள். அதற்குள் இந்த மலர் கிடைத்த உறவுகள் இதை ஊரில் படித்துச் சொல்ல வேண்டும். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அக்காவைத் தெய்வமென்று உயர்த்தியும் சொல்ல வேண்டாம். நோய் வந்து இறந்தார், பெட்டியால் அல்ல. இருக்கிறபடியே சொல்லுங்கள்.