அப்பாவின் முதல் பானிபூரி

இன்று சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுடன் திரும்பினேன். அவருக்குத் தொண்டையில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதன்பிறகு பேச்சு வருமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அப்பா பானிபூரி வண்டி முன்னால் நின்றுவிட்டார்.

"இத நான் தின்னதே இல்ல கண்ணு."

"தொண்டைக்கு ஆகாதுங்கப்பா."

"ஒண்ணே ஒண்ணு."

காரமில்லாமல் வாங்கிக் கொடுத்தேன். விழுங்க முடியாமல் இருமினார். புளித்தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. முதுகைத் தடவியபடி நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

மூச்சு சீரானதும் சொன்னார்: "நொம்ப நல்லாருக்குது. இன்னொண்ணு வாங்கு."

அதை நன்றாக ஊறவைத்து, பிட்டுப் பிட்டு ஊட்டினேன். மெதுவாக இறங்கியது.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத" என்கிறார்.

டாக்டர் நண்பர்களே, திட்டுவதென்றால் என்னை இங்கேயே திட்டிவிடுங்கள். நீங்களாக இருந்தால் மறுத்திருப்பீர்களா?