விஷயம் கம்மி, புள்ளி ஜாஸ்தி

போன வாரம் என் எழுத்தை ஒருவர் விரலால் படித்தார். அதிலிருந்து எனக்குப் பேனாவைத் தொடவே கூச்சமாக இருக்கிறது!

கிரிவலப் பாதைக்கு நான் ஒரு கையேடு எழுதியது உங்களுக்குத் தெரியும். (எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!) அதை பிரெயிலில் கொண்டுவர ஊர் நண்பர்கள் கிளம்பினார்கள். மேடை, சால்வை, போட்டோ – எல்லாம் ரெடி. புரூஃப் பார்க்கப் பூங்கொடி டீச்சர் ஒப்புக்கொண்டார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பள்ளியில் வரலாறு நடத்துகிறார்.

நான் ஒரு கண்டிஷன் போட்டேன். "ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது. என் ஸ்டைலே அதுதான்!" கம்ப்யூட்டர் பாவம், அப்படியே செய்தது.

டீச்சர் போன் பண்ணினார்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை தனியா மலை சுத்தலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் யாராவது கையப் புடிச்சிக்கினுதான் போயிருக்கேன். உங்க புக்கை நம்பித்தான் கிளம்பறேன்."

"தாராளமா!" பூரித்துப்போனேன்.

"ஆனா பாத்ரூம் எங்க இருக்குனு நாலு பக்கம் தடவிட்டேன். 'அதோ'னு எழுதி மூணு புள்ளி. 'அந்தத் திருப்பத்தில்'னு மறுபடி மூணு. அப்புறம் ஒரு லைன் முழுக்க நட்சத்திரம். அது இன்னா சார்?"

"அலங்காரம், டீச்சர்."

"யாருக்கு?"

டீச்சரே தொடர்ந்தார்.

"உங்க கண்ணு தாண்டிப் போயிடும். என் விரலு ஒவ்வொண்ணையும் தொட்டுட்டுதான் வரணும். விஷயம் கம்மி, புள்ளி ஜாஸ்தி சார்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் யாராவது என்னை இப்படிக் கேட்டதுண்டா? வீம்புக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். 'அடி அண்ணாமலை தாண்டியதும்... ஆஹா!!! கழிப்பறை – ஆம், திறந்தே இருக்கும்!!!'

புள்ளி, கோடு, ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால்... அது இடப்பக்கமா வலப்பக்கமா என்றே நான் எழுதவில்லை! வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனுஷி தனியாக நடக்கப்போகிறார், நான் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே ஆட்டோ பிடித்துப் போனேன். நடந்து பார்த்து எழுதினேன்: 'டீக்கடையைத் தாண்டி நாற்பது அடி. இடப்பக்கம். இரண்டு படி.' கையேடு முழுக்க இப்படியே. புத்தகம் பாதியாக இளைத்து, சனிக்கிழமையே டீச்சர் கைக்குப் போனது. விழாக் குழுவுக்குத்தான் வருத்தம் – போட்டோவில் குண்டாகத் தெரியாதாம்!

திங்கட்கிழமை டீச்சர் போன்.

"தனியாவே சுத்திட்டு வந்துட்டேன் சார்! யாரும் கையப் புடிக்கல. புக்கு இப்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு ஆச்சரியக்குறிய மட்டும் திருப்பிப் போட்டுடுங்க."

"எங்கே?"

"அந்த பாத்ரூம்கிட்ட. நெஜமாவே தெறந்திருந்துச்சு சார்!"