மகளின் கையும் நான் எழுதிய கடிதமும்

நேற்று ஆஸ்பத்திரியில் என் மகளின் கையிலிருந்த பிளாஸ்டரை வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த புழுங்கிய வாடை எனக்குப் பழக்கமானதுதான். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், மழையில் நனைந்த என் சப்பாத்து அடுப்போரம் காயும்போது இதே வாடை வரும்.

அந்தச் சப்பாத்தோடுதான் பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்குவேன், திரும்ப ஏறுவேன். வந்ததும் மாட்டுக்குப் புல்லுக்கட்டு சுமக்க வேண்டும். கறந்த பாலில் பெரும்பங்கு விலைக்குப் போய்விடும், மிச்சம் எனக்கு. தலையோடு வறுத்த நெத்தலியும் கீரையும் அலுக்க அலுக்கத் தின்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பாதி நாள் அழுதுகொண்டுதான் ஏறினேன். எனக்கொரு பிள்ளை பிறந்தால் அது மலை ஏறாது, சுமை தூக்காது என்று அப்போதே முடிவு கட்டினேன். தோட்டத்தை விட்டு வந்த எங்களில் பலருக்கு இந்தக் கிறுக்கு உண்டு.

கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வேலை கிடைத்ததும் அதை நிறைவேற்றினேன். மகளுக்கு வீட்டு வாசலுக்கே ஸ்கூல் வேன். நெத்தலி மணம் பிடிக்கவில்லையா, சொசேஜஸ் பொரித்துக் கொடுப்பேன். எட்டு வயதில் வலைப்பந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். வெயிலில் கறுத்துப் போவாள், விழுவாள் என்று எனக்குப் பயம். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது, ஓட விட வேண்டாம் என்று டீச்சருக்குப் பொய்யாக ஒரு கடிதம் எழுதி அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன். கையெழுத்து மட்டும் மணிமணியாக இருந்தது, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பதினான்கு வயது. போன மாதம் வேன் படியில் சறுக்கிக் கையை ஊன்றினாள். அவ்வளவுக்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர்தான் பார்த்தார்.

"பிள்ளை பால், மீன் சாப்பிடுறவவோ? ஓடி விளையாடுறவவோ?"

"இல்லங்க டொக்டர். டியூசனுக்கே நேரம் சரியா இருக்கு."

"இந்த வயசிலதான் அம்மா எலும்பு உரமாகிறது. இப்ப விட்டா பிறகு பிடிக்கிறது கஷ்டம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் களைப்புத் தீரவில்லை.

நேற்று திரும்பும் வழியில் அவளுடைய பள்ளிக்கூடத்தைக் கடந்தோம். மைதானத்தில் பாதியை வேன் நிறுத்த எடுத்துவிட்டார்கள். மீதியில் வலைப்பந்துக் கம்பம் ஒன்று நின்றது.

"கை தேறினதும் வெளையாடப் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"எப்பிடிம்மா? எனக்குத்தான் இழுப்பு இருக்கே" என்றாள்.

அவளுக்கு ஒருநாளும் இழுப்பு வந்ததில்லை. ஓடியிருக்க வேண்டிய ஆறு வருடம் போய்விட்டது.