தீரியா வெண்டம்

ஒருவருக்கு வந்த கடிதத்தை அவருக்காகப் படித்துச் சொல்பவர், அதில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா, பரிவா? பதினொரு வயதில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அப்போது அது ஒரு கேள்வி என்றுகூடத் தெரியாது. 

கோவையிலிருந்து வந்து, புணேயின் விஷ்ராந்த்வாடியில் ஓர் அடுக்குமாடி சொசைட்டியின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பா போசரியில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். தலைமுடியின் பருமனில் பாதி பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடும் கண்கள் அவருடையவை. விழித்திரையில் வந்த நோய் இரண்டே ஆண்டுகளில் அந்தப் பார்வையை முழுவதும் எடுத்துக்கொண்டது. கம்பெனி நீண்ட விடுப்பு கொடுத்திருந்தது.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. தனிவகுப்புகளையும் முடித்துக்கொண்டு ஏழு மணிக்குத்தான் வருவாள். எனவே அப்பாவின் மின்னஞ்சலைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. "அப்பாவுக்குக் கண்ணா இருக்கா" என்று வீட்டுக்கு வருபவர்கள் புகழ்வார்கள். ஐந்தரை மணிக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் டப்பா ஐஸ்பைஸ் ஆட்டம் தொடங்கிவிடும். உதைபட்ட டப்பா உருளும் சத்தம் நான்கு மாடி ஏறி வரும். அந்தக் கண்ணில் பாதி எப்போதும் சன்னலில்தான் இருந்தது என்பது புகழ்ந்தவர்களுக்குத் தெரியாது.

வீட்டில் ஒரே கணினி. அதில் அப்பா பெயரில் ஒரே அஞ்சல் கணக்கு. அம்மாவும் அதிலிருந்துதான் கோவையில் இருக்கும் தன் அண்ணனுக்கு, என் மாமாவுக்கு, எழுதுவாள். தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தட்டி எழுதுவாள்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஓர் அஞ்சல் வந்தது. சரக்கு அனுப்பும் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. தொலைபேசியும் மின்னஞ்சலுமே வேலை. அப்பாவால் கணினியைத் தாமே இயக்க முடியுமென்றால் அடுத்த வாரம் முடிந்து வரும் திங்களன்று வந்து செய்துகாட்டலாம். வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் விருப்ப ஓய்வு என்று எடுத்துக்கொள்ளப்படும். நான் படிக்க வாய் திறக்குமுன், அன்று விடுமுறை என்பதால் என் பின்னால் நின்று திரையைப் படித்த அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"என்ன கண்ணு வந்திருக்கு?" என்றார் அப்பா.

"விளம்பரம்ப்பா."

"எதுக்கு?"

"பெயின்ட்டுக்கு."

"நல்லவேளை. செவுரு எந்த நெறமா இருந்தாலும் எனக்குச் சரிதான்" என்று அவர் சிரித்தார். அம்மா அன்றே அந்த அஞ்சலை அழித்துவிட்டாள். சமையலறையில் என்னிடம், "போயி அவமானப்பட்டு வந்தா அப்பா மனசு தாங்காது சாமி. நீ எதும் சொல்லிக்காதே" என்றாள்.

அதன்பின் மாலைகள் பொறுக்க முடியாதவையாயின. ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும் அப்பா, "வேற ஒண்ணுமில்லையே?" என்று கேட்பார். எப்போதும் கேட்கும் கேள்விதான். ஆனால் இப்போது 'இல்லப்பா' என்பதற்குள் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். எனக்குப் பதிலாக வேறு யாராவது படித்தால் போதும் என்று தோன்றியது. விளையாடப் போகலாம்; பொய் சொல்லவும் வேண்டாம். நான் இணையத்தில் தேடத் தொடங்கியது இதற்காகத்தான். தொண்டுள்ளம் என்று பின்னாளில் சிலர் சொன்னபோது மறுக்காமல் இருந்துவிட்டேன்.

பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைத்தது. இறங்கி முடிக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. புதன்கிழமை மாலை அது பேசிற்று.

"இதென்ன, தகர டப்பாக்குள்ள ஆளை உக்காத்தி வெச்சிருக்கியா? சளி வேற புடிச்சிருக்கு அவனுக்கு" என்றார் அப்பா. ஆனால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். விசைப்பலகையில் எஃப், ஜே எழுத்துகளின் மேலுள்ள சிறு மேடுகளை அவர் விரல்கள் நொடியில் கண்டுபிடித்துவிட்டன. இத்தனை நாள் நான் அவற்றைக் கவனித்ததே இல்லை.

அன்றிரவு அம்மா என்னைத் தனியே அழைத்து, "அந்த மெசினுக்குத் தமிழ் தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. இங்கிலீஷ் மட்டுந்தான்." அழித்த அஞ்சலை அதனால் படிக்க முடியாது என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் மாமாவுக்கு ஒரு கடிதம் தட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்றறியாமல் அலைந்த அப்பா, அனுப்பிய கடிதங்களுக்குள் நுழைந்துவிட்டார். இயந்திரம் படித்தது: "ஆனா, கம்பெனி லா மண்டே டெஸ்ட். ஃப்ரைடே லாஸ்ட் டேட். ஏவரக்கூ தீரியா வெண்டம்."

"யாரு கண்ணு இந்தத் தீரியா வெண்டம்? கம்பெனில புதுசா வந்த மேடமா?"

"தெரியலப்பா." உண்மையாகவே தெரியவில்லை. என் தமிழ் அவ்வளவுதான்.

அவர் மறுபடி படிக்கவிட்டார். வேகத்தைக் குறைத்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். இயந்திரம் டி, ஹெச், ஈ, ஆர் என்று பொறுமையாகச் சொல்லச் சொல்ல அவர் உதடுகள் அசைந்தன. 'ஆனா' என்ற வெள்ளைக்காரப் பெண் 'அண்ணா' ஆனாள். அடுத்ததை அவர் வாய்விட்டே கூட்டினார்.

"தெரிய... வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டாம்."

கீழே என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் நகரவில்லை.

"இந்த மண்டே டெஸ்டுதான் உன்ற பெயின்ட் விளம்பரமா கண்ணு?" என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏழு மணிக்கு அம்மா மேத்திக் கீரைக் கட்டுடன் உள்ளே வந்தபோது, "தீரியான்னு ஒருத்தி வந்திருக்கா" என்றார் அப்பா.

"யாருங்க?"

அவர் விசையைத் தட்டினார். இயந்திரம் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தது. அம்மா மேத்திக் கட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"உங்க கம்பெனி முன்னால அந்த ஹைவேல லாரிக்காரன் நிக்க மாட்டானுங்க" என்றாள் கடைசியில். "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

"பதினாறு வருசமா அந்த ரோட்டைத் தாண்டியிருக்கேன். எங்கே நிக்கோணும்னு எனக்குத் தெரியும்." அவர் குரல் உயரவில்லை. "போறதும் போகாததும் அப்பறம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?"

அப்பா தொலைபேசியைத் தடவி எடுத்து, மனப்பாடமாக இருந்த கம்பெனி மேலதிகாரியின் எண்ணை அழுத்தினார். "ஹோ சாஹேப், சோமவாரி யேதோ" என்று மராட்டியில் சொன்னார். திங்கட்கிழமை வருகிறேன் என்று.

திங்களன்று அப்பாவும் அம்மாவும் ஒரே ரிக்ஷாவில் போனார்கள். அப்பா செய்துகாட்டினார், வேலை கிடைத்தது. சில மாதங்களில் தனியாகவே போய்வந்தார். பொய் பிடிபட்டது, உண்மை வென்றது, எனக்கு மாலைகள் திரும்பக் கிடைத்தன என்றுதான் நானாக இருந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுமி கணித்தாள்.

அக்கம்பக்கத்திலும் பள்ளியிலும் "நாங்க சமாளிச்சுக்கறோம்" என்று சொல்லித் திரிந்த அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாமாவுக்கான அந்தக் கடிதங்களை விட்டால் வேறு இடமில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாளாயிற்று. அவள் அப்பாவின் உரிமையைப் பறித்தது தவறுதான். ஆனால் அன்று கூடத்தில் சத்தமாகப் படிக்கப்பட்டது அந்தத் தவறு மட்டுமல்ல, அவள் பயமும்தான்.

அதற்குப் பிறகு அப்பா தம் அஞ்சலைத் தாமே படித்துக்கொண்டார். அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து அவள் மாமாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை.