நீலக்கண் குபேரன்

என் கொழுந்தனாருக்கு மூளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. இருக்கும். பிரிக்காத டப்பாவாக எங்கேயோ பத்திரமாக இருக்கும். அந்த ஆளை நம்பித்தான் என் வீட்டுக்காரர் கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் இருக்கிற தோட்டங்களுக்கு ஏலக்காய் பார்த்துவர அனுப்புகிறார். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், காய் பார்க்கப் போன மனுசன் ஜீப்பிலிருந்து ஒரு நாயோடு இறங்கினார்.

வெள்ளை நாய். குட்டிப் பருவம் தாண்டி, இன்னும் முழுதாக வளராத ரெண்டுங்கெட்டான் வயசு. மூக்கு ரோஜா நிறம். கண் இரண்டும் நீலம். சாம்பல் பூத்த நீலமில்லை, வெள்ளை வேட்டி அலச வாளியில் கலக்குகிற நீலம். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, வெள்ளைக்காரன் கண்ணுல்ல!" என்றாள். சொல்லிக்கொண்டே இடுப்பில் இருந்த பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எம்புட்டு கொடுத்தீக?" என்று கேட்டேன்.

"சும்மாதேன் மதினி. எஸ்டேட் பங்களாக்காரக குடும்பத்தோட வெளிநாடு போறாக. கொண்டுபோங்கன்னு கையிலயே பிடிச்சுக் கொடுத்துட்டாக."

இவர்கள் எப்படி வியாபாரம் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மூட்டைக்குள் முழங்கை வரை கையைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார்கள். உள்ளங்கையில் உருட்டி, காதோரம் வைத்துக் குலுக்கி, நகத்தால் கீறி, விதையைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வாயில் விலை வரும். சொந்தத் தங்கை தோட்டத்துக் காயாக இருந்தாலும் இதே சோதனைதான். அப்படிப்பட்டவர்கள் உயிருள்ள ஒரு நாயைக் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். அது மாட்டுக்குச் சொன்னது.

பேர் வைக்கும் கூத்து மறுநாளே தொடங்கியது. மணி, ராஜா என்று ஊர் நாய்களுக்கு உள்ள பேரெல்லாம் இந்தக் கண்ணுக்குப் பொருந்தாதாம். எங்கள் ஏலக்காய்க் கடையில் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது என் கொழுந்தனார் வாயைத் திறந்திருக்கிறார்.

"அண்ணே, நம்ம பெரியாத்து அணையைக் கட்டுன துரை பேரை வைப்போம். அவுகளுக்கும் கண்ணு இப்படித்தேன் இருந்திருக்கும்."

வெளியூர்க்காரன் சொல்லியிருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டுவிடலாம். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, அந்த அணைத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர் சொல்கிற பேச்சா இது? இங்கே பாதி வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரரின் படம் மாலையோடு தொங்குகிறது. தைப் பொங்கலுக்கு அவருக்கும் ஒரு பானை பொங்குகிறது. உத்தமபாளையத்துப் பக்கமிருந்து வந்திருந்த, தோட்டம் துரவுள்ள ஒரு பெரிய சம்சாரி எழுந்து நின்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏலே, எம் பேரனுக்கு அவுக பேரைத்தேன் வச்சிருக்கேன். அதை நீ நாய்க்கு வைப்பியோ?"

அடி விழவில்லை. ஆனால் அந்த மனிதர் தன் மூட்டைகளை அப்படியே வண்டியில் ஏற்றிப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லையில் கட்டிக்கிடந்த நாயைப் பார்த்து, "வந்ததும் வராததுமா யாவாரத்துல கை வச்சிருச்சு" என்றார். வாயுள்ளவன் செய்த தப்பு வாயில்லாததன் தலையில் விடிந்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் ஆகாது, பேரும் வைக்கக் கூடாது என்று ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள். மலையிலிருந்து சாரலும் காற்றுமாக அடித்த அந்த மாதம் முழுக்க அதற்கு "ஏலே"தான் பேர். சோறு வைப்பதும் கொல்லையைக் கழுவுவதும் என் வேலையாயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியமும் இல்லை. இருக்கிற வாய்கள் போதாதென்று இன்னொரு வாய், அவ்வளவுதான்.

ஆனால் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்தால் அந்த நீலக் கண்கள் கூடவே நடக்கும். நான் பேசினால் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காது. இந்த வீட்டில் நான் பேசும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்ப்பார்கள். என் பேச்சு இங்கே செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆடி முடிவதற்குள் எனக்கு அந்த நாய் வேண்டும் என்று ஆகிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆகிவிட்டது.

ஆவணி பிறந்ததும் தேனியில் பேர் ராசி பார்க்கிறவரிடம் போனோம். நான் ஏறாமல் நாய் காரில் ஏறவில்லை, அதனால் என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த ஆள் ஏசி அறையில் கணினி வைத்துக்கொண்டு, குழந்தைக்கும் கம்பெனிக்கும் ஒரே முகத்தோடு பேர் போட்டுக் கொடுக்கிறவர். வீட்டில் உள்ளவர்கள் பேரையெல்லாம் வரிசையாகக் கேட்டார். என் முறை வந்ததும் என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார்.

காரணம் இதுதான். என் பேரும் என் மாமியார் பேரும் ஒன்று. பெற்றவள் பேரைப் பிள்ளை வாயால் சொல்லக் கூடாது என்பது இவர்கள் வீட்டு வழக்கம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து நான் "ஏய், இந்தா." கொழுந்தனாருக்கு மதினி, பிள்ளைகளுக்கு அம்மா. மாமியார் போய்ச் சேர்ந்து படமாகத் தொங்கிய பிறகாவது பேர் திரும்பி வரும் என்று நினைத்தேன். படத்துக்கும் அதே மரியாதை என்று ஆகிவிட்டது. கடைசியில் நானேதான் என் பேரைச் சொன்னேன். அவர் கணினியில் தட்டிக்கொண்டார்.

பிறகு நாயின் கண்களை டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு, "இது சாதாரணக் கண் இல்லைங்க. நீலக்கல் மாதிரி. ஒத்துக்கிட்டா கோபுரத்துல ஏத்தும், ஒத்துக்கலைன்னா நடுத்தெருவுல நிறுத்தும்" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு தடவை யாரோ சொன்னார்கள் என்று நீலக்கல் மோதிரம் போட்டு, அந்த வாரமே ஏலக்காய் விலை இறங்கி, மோதிரத்தை ஆற்றில் எறிந்தவர் அவர். இந்தியா முழுக்க விலை இறங்கியதற்கு இவர் விரல்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

பரிகாரமும் அந்த ஆளிடமே இருந்தது. குபேரன் என்று பேர் வைக்க வேண்டும். வீட்டுத் தலைவர் வாயால் கூப்பிட வேண்டும். வருகிற அமாவாசைக்குள் நாய் அந்தப் பேரைக் கேட்டுத் திரும்பி வந்தால் நீலம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வராவிட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

"வரலேன்னா குமுளி ரோட்டுல எறக்கி விட்டுருவோம்" என்றார் என் வீட்டுக்காரர், வரும் வழியிலேயே. நாய் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மலைச்சாலையில் இறக்கிவிடப்பட்ட நாய்கள் லாரி வெளிச்சத்துக்கு நடுவே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து கொல்லையில் நாமாவளி ஆரம்பித்தது. "குபேரா! ஏ குபேரா!" நாய் காக்காயைப் பார்க்கும். "குபேரா, வாடா என் தங்கம்!" நாய் தன் காலை நக்கும். ஊரில் வட்டிக்குக் கொடுத்துப் பெரிய ஆளான மனிதர்களெல்லாம் இவர் முன்னால் எழுந்து நிற்பார்கள். இந்த நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. அமாவாசை பயம் ஒரு பக்கம் இருந்தாலும், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

என் கொழுந்தனாருக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. "அண்ணே, அது மெட்டுக்கு மேல வளந்த நாயி. அதுக்கு மலையாளந்தேன் தெரியும். தமிழ்ல கூப்பிட்டா அது என்ன செய்யும்?"

மெட்டிலிருந்து ஒரு மலையாள ஜீப் டிரைவரைப் பிடித்து வந்தார்கள். அவர் பாவம், கையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பரோட்டாவோடு கொல்லைக்கு வந்து, "வாடா மோனே, இவிடெ வா" என்றார். நாய் பாய்ந்து போனது. பரோட்டாவை நோக்கித்தான் போனது என்பது எதிர்வீட்டுக் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "குபேரா, இவிடெ வா மோனே" என்று காலையும் மாலையும் கத்த ஆரம்பித்தார். மலையாளத்துக்கும் அது காக்காயைத்தான் பார்த்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அடுப்படி வாசலில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன், கை வழுக்கிவிட்டது. கல் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி உருண்டு, தெருவே கேட்கிற மாதிரி அலறி ஓய்ந்தது. என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "ஏய், இந்தா, என்னத்தைப் போட்டு உடைக்கிற?" என்று கத்தினார். தாம்பாளத்துக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த நாய் கண்ணைத் திறக்கவில்லை. தாம்பாளத்தை எடுத்து அதன் தலைமாட்டில் கரண்டியால் அடித்துப் பார்த்தேன். மூச்சு சீராகப் போய் வந்தது. முதுகில் கையை வைத்தேன். உடனே எழுந்து என் முகத்தைப் பார்த்தது.

ஊசி போட வேண்டும் என்று சொல்லி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா பின்னாலிருந்து கைதட்டியும் விசிலடித்தும் பார்த்துவிட்டு, "பிறவியிலேயே கேட்காதும்மா. வெள்ளைத் தோலும் நீலக் கண்ணுமா இருக்கிற நாய்கள்ல சிலதுக்கு இப்படி இருக்கும்" என்றார். பங்களாக்காரர்கள் ஏன் சும்மா கொடுத்தார்கள் என்பதும் அத்தோடு விளங்கியது. காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்து வாங்குகிற பரம்பரை, காதே கேட்காத நாயைக் கொண்டுவந்து, இரண்டு பாஷையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொத்தைக் காய் என்று அன்றைக்கே ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். சொல்லாவிட்டால் அமாவாசைக்கு ஏற்றுவார்கள். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். கையைத் திறந்தேன். உள்ளங்கையை அதன் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டி, மடக்கி நெஞ்சில் வைத்தால் வர வேண்டும். வந்தால் ஒரு கருவாட்டுத் துண்டு. என் பிள்ளைகள் அ எழுதக் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம்கூட அது எடுத்துக்கொள்ளவில்லை.

அமாவாசையன்று காலையில் என் வீட்டுக்காரர் குளித்து, விபூதி பூசி, கொல்லை வாசற்படியில் நின்றார். கொழுந்தனார் போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். நான் சொம்பும் கையுமாக அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை. இத்தனை வருஷத்தில் திரும்பிப் பார்த்ததில்லை.

"குபேரா!"

கிணற்றடியில் படுத்திருந்த நாய் வழக்கம்போல என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தோளுக்கு மேலே கையை உயர்த்தி விரித்தேன். மடக்கி நெஞ்சில் வைத்தேன். அது எழுந்து நேராக ஓடி வந்தது. கையை நீட்டி நின்ற வீட்டுத் தலைவரின் காலை ஒட்டிக் கடந்து, என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

"ஒத்துக்கிடுச்சு! பேரு ஒத்துக்கிடுச்சுடா!" என்று என் வீட்டுக்காரர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். கொழுந்தனார், "நான் சொல்லல? மலையாளத்துல பழக்கினதுதேன் வேலை செஞ்சிருக்கு" என்றார். நாய் ஏன் அவரைத் தாண்டிப் போனது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தேனிக்குப் போன் போனது. வீடியோ ஊரெல்லாம் போனது. சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

இப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். பேர் சரியாக அமைந்தால் மிருகம்கூடக் கேட்குமாம். விலை ஏறினால் குபேரன். இறங்கினால் மட்டும் அரசாங்கம். நாய் கொல்லையில் சுகமாக இருக்கிறது, அது போதும்.

அன்று பொங்கலை இறக்கி வைத்துவிட்டு அதற்கு ஒரு கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். தின்று முடித்து, நிமிர்ந்து என் வாயைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, என் பேரைச் சத்தமாக அதனிடம் சொன்னேன். நானே கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இன்னொரு தடவையும் சொன்னேன். நீலக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஏய், இந்தா! ஏய்!"

நாய் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.