ஆவடியில் அஞ்சு-அஞ்சு ஆட்டம்

காலை ஒன்பது மணிக்கு நானும் என் மனைவி தேன்மொழியும் காட்டுப்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். அலுவலகத்துப் பில்லியர்ட்ஸ் மேஜையில் இதுவரை என்னை யாரும் வென்றதில்லை. ஆகவே ஆவடிக்குப் போய்த் தோற்பேன் என்ற எண்ணமே எனக்கு இல்லை. கவலை வேறு. அழைத்தவர் அவளுடைய அண்ணன் சேகர். வீட்டுக்குச் சொல்லாமல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் தங்கையிடம்தான் சொன்னார்: "எங்க செட்டுல ஒருத்தன் மாத்தலாகிப் போயிட்டான். நீ, நான் போக மூணாவது ஆள் வேணும். யாரையாவது கூட்டிட்டு வா."

அந்த 'யாரையாவது' நான்தான். இன்று அவர் வாயைத் திறக்க வைத்துவிடுவது என்ற முடிவோடுதான் புறப்பட்டேன்.

பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து ஆவடி சுமார் பத்து கிலோமீட்டர். பேருந்தில் தேன்மொழிக்கு இலவசம், எனக்குப் பதினோரு ரூபாய். வழியில் ஆட்டத்தை விளக்கினாள்.

"பதினஞ்சு பந்து, மூணு பேர், ஆளுக்கு அஞ்சு. உங்க பந்தை நீங்க காப்பாத்திக்கணும், மத்தவங்க பந்தைத்தான் பாக்கெட்ல போடணும். கடைசியா யார் பந்து மேஜையில நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க."

"இவ்வளவுதானே?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு ஆவடி. கடைத்தெருவில் ஒரு பேக்கரியின் மாடி; ஒரே மேஜை. ஞாயிறு காலையில் அது தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர்களின் ராஜ்யம்; சேகரின் வீடும் அந்தக் குடியிருப்பில்தான். சேகர் ஏற்கெனவே ஸ்டிக் முனையில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு ஆறு முதல் பத்து வரை எண் போட்ட பந்துகள். என் முறை வந்தது. ஆறாம் பந்து பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. விடுவேனா? ஒரே தட்டில் உள்ளே போட்டுவிட்டு, கைதட்டலுக்காக நிமிர்ந்தேன்.

மேஜையைப் பார்த்துக்கொள்ளும் பாபு சொன்னார்: "இன்னா அண்ணாத்தே, சொந்த ஊட்டுக்கே கன்னம் வெக்கிற?"

அலுவலக ஆட்டத்தில் நம் பந்தை நாமே போட வேண்டும். அந்தப் பழக்க தோஷம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற சேகர், தங்கையிடம் சொன்னார்: "அவருக்கு இனி நாலுதான்னு சொல்லு." எனக்குச் சுருக்கென்றது.

ரோஷம் வந்து சேகரின் பந்துகளில் மூன்றைக் காலி செய்தேன். ஆனால் என் கடைசிப் பந்தைப் போட்டது யார் என்கிறீர்கள்? கட்டிய மனைவி. நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கியும் பூடாத," என்றார் பாபு. "யாராச்சும் அடிக்கிற வெள்ளைப் பந்தையே உள்ள வுட்டா, மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பந்து திரும்பி வரும். அவுட்டானவனும் ஆட்டத்துக்குள்ள வந்துருவான். ஆனா சேகரு வுட மாட்டாரு. வுட்டு நான் பாத்ததே இல்ல."

மேஜையில் சேகருக்கு இரண்டு பந்து, தேன்மொழிக்கு ஒன்று. அதுவும் மூலை பாக்கெட்டுக்கு நேராக நின்றது. மெதுவாகத் தட்டினால் சேகருக்கு வெற்றி. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், முதல் முறையாக என்னைப் பார்த்தார். பிறகு ஓங்கி ஓர் அடி. தேன்மொழியின் பந்து விழுந்தது. பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது.

பாபு வாய் பிளந்து நின்றார். சேகர் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, தங்கையின் பந்தோடு என் எட்டாம் பந்தையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"வாங்க மாப்ள, வந்து ஆடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணோடு அடித்த அடி எங்கோ போனது. பரிதாபமெல்லாம் பார்க்காமல், அடுத்த முறையே என் எட்டை உள்ளே தள்ளி, தங்கையையும் வென்றார் சேகர்.

எங்கள் அலுவலக மேஜையில் வெளியே போனவன் போனவன்தான். அங்கே நான் வென்ற எந்த ஆட்டத்தையும்விட ஆவடியில் தோற்ற இந்த ஆட்டமே எனக்குப் பெரிது.

பன்னிரண்டரைக்குப் படியிறங்கினோம். நான் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் திரும்பினேன்.

"எப்படிண்ணே வெள்ளைய விட்ட?" என்று கேட்டாள் தேன்மொழி.

"கை தவறிடுச்சு," என்றார் சேகர். பிறகு என் தோளைப் பிடித்துக் குடியிருப்பின் பக்கம் திருப்பினார். "இப்படி வாங்க மாப்ள. உங்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கச் சொல்லி, அம்மாகிட்ட காலையிலேயே சொல்லிட்டுத்தான் வந்தேன்."