தொண்ணூற்றி நாலு காட்டின மெசினைத் திருப்பிக் குடுக்கப் போன பயணம்

யூட் அண்ணை, உங்கட மெசினை நேற்றுக் கொண்டு போய்க் குடுத்திட்டன்.

இனி ஊராக்களுக்கு எழுதிறன். நீங்கள் ஒருத்தரும் லண்டன் பாக்கேல்லை. அண்ணையைக் கடைசியாக் கொண்டு போன ஆஸ்பத்திரி எங்கை, எப்பிடிப் போறது எண்டு அம்மா போனில கேட்டுக்கொண்டே இருக்கிறா. போனில எனக்கு அழுகை வரும். அதால எழுதிறன். நான் ஓஎல் சோதினையும் முடிக்காதவன், பிழை இருந்தாப் பொறுங்கோ. ஆராவது அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

மெசின் எண்டா பெரிசில்லை. உடுப்புக் கொழுவிற கிளிப் மாதிரி, விரலில மாட்டிறது. ரத்தத்தில ஒட்சிசன் எவ்வளவு எண்டு நம்பர் காட்டும். அண்ணைக்கு நியுமோனியா வந்தாப்போல, ஆஸ்பத்திரியில கட்டில் இல்லை, வீட்டை வைச்சுப் பாப்பம் எண்டு இதைக் குடுத்து விட்டவை. தொண்ணூற்றி ரெண்டுக்குக் கீழ போனா போன் அடியுங்கோ எண்டு சொன்னவை. ஆள் போய் மூண்டு கிழமை. முந்தநாளும் அவற்ற போனுக்கு மெசேஜ் வந்தது, மெசினைத் தயவுசெய்து திருப்பித் தாங்கோ எண்டு.

காலமை எட்டரை, பிளேஸ்டோ. நான் கோழிக்கடையில வேலை, செவ்வாய் லீவு. ஸ்ரேசன் வாசலில ஒரு ரீ, ஒண்டரைப் பவுண். குடிக்க மனமில்லாமல் பாதியை ஊத்தினன். வெளியில ஊசித் தூறல். ரெயினில முழுக்க வேலைக்குப் போற சனம், ஒருத்தரும் ஒருத்தற்ற முகத்தைப் பாக்காயினம். இந்த ரெயினிலதான் ஞாயிறில அண்ணை என்னட்டை வாறவர். அவர் இருந்தது லண்டன்ர மற்றப் பக்கம், ரெய்னர்ஸ் லேனில, ஒரு அறையில. போறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும்.

அவருக்கு மூச்செடுக்க ஏலாமப் போன அண்டைக்கு நான் ஷிப்டில நிண்டனான். ஆஸ்பத்திரி நம்பருக்கு அவரே அடிச்சுக் கதைச்சிட்டு, பிறகு எனக்கு அடிச்சவர். மெசினில என்ன காட்டுது எண்டு கேட்டவையாம், தொண்ணூற்றி நாலு எண்டாராம். பிறகு சொண்டு நீலமாக் கிடக்கோ எண்டு கேட்டவையாம்.

"கண்ணாடியில பாத்தனடா. என்ர சொண்டு எப்பவும் நாவற்பழம் திண்ட மாதிரித்தானே. எப்பவும் போலத்தான் கிடக்கு எண்டன்."

சிரிக்க வெளிக்கிட்டு இருமினவர். அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்கோ, நாளைக்குக் கதைப்பம் எண்டு வைச்சிட்டினமாம். அறையில கூட இருந்த பெடியன் விடியப்புறம் அம்புலன்சுக்கு அடிச்சவன். அம்புலன்சிலயும் மெசின் தொண்ணூற்றி மூண்டு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தா எண்பத்தாறு. அடுத்த நாள் பின்னேரம் ஆள் இல்லை.

டொக்டர் எனக்கு மெதுவாத்தான் விளங்கப்படுத்தினவர். கறுத்த தோலில இந்த மெசின் சிலவேளை கூடக் காட்டும், அது தெரிஞ்ச விசயந்தான், அமெரிக்காவிலயும் பாத்திருக்கினம் எண்டார். தெரிஞ்ச விசயமாம். தெரிஞ்சுகொண்டே விரலில மாட்டி விட்டிருக்கிறாங்கள்.

பேக்கர் ஸ்ரீட்டில மாறி மற்ற ரெயின். அதில சனம் குறைவு. மெசினைக் கையில வைச்சுத் திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறன், எனக்கே தெரியாது. முன்னால ஒரு கறுப்பு மனிசி, அறுபது வயசு இருக்கும், ஊதா நிறக் கோட். ஆருக்குச் சுகமில்லை எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன்.

அவ அமெரிக்கா, மெம்பிஸ் எண்ட ஊர், மகளைப் பாக்க வந்து நிக்கிறா. அங்கை ஆஸ்பத்திரியில நோயாளியைக் கழுவித் துடைக்கிற வேலை செய்தவவாம். கொரோனா வருத்தம் பரவின நேரம் அவவின்ர வார்ட்டில கறுப்பு ஆக்கள் மூச்சு ஏலாது எண்டு கத்துவினமாம், நம்பர் நல்லாத்தானே கிடக்கு எண்டு கட்டிலை மற்ற ஆளுக்குக் குடுப்பினமாம். மெசினை வாங்கித் தன்ர விரலில மாட்டினா. தொண்ணூற்றி எட்டு.

"பார் மகன். எங்கட நாட்டில கறுப்பருக்கு இருக்கிறதை விடக் கூடக் காட்டுற ஒரே சாமான் இதுதான்."

ரெண்டு பேரும் சிரிச்சம். மூண்டு கிழமைக்குப் பிறகு நான் சிரிச்சது அதுதான். பிறகு சொன்னா, தன்ர அம்மா ஆஸ்பத்திரிக்கு வேற வாசலால போனவவாம், கறுப்பருக்கு எண்டு பின்பக்கத்தில வாசல்.

"இப்ப எல்லாருக்கும் ஒரே வாசல்தான். உள்ள போனாப் பிறகுதான் பிரிக்கிறது."

வெம்பிளி பார்க்கில இறங்கேக்கை என்ர தலையில கை வைச்சிட்டுப் போனா. பேர் கேக்க மறந்து போனன்.

ரெய்னர்ஸ் லேனில இறங்கினா எங்கட கடையள், முருங்கைக்காய், கணவாய்க் கருவாடு எல்லாம் கிடக்கும். அண்ணை சாமான் வாங்கிற கடையைப் பாக்காமல் றோட்டைக் கடந்தன். பஸ் ஒண்டே முக்கால் பவுண். அம்மா, அம்புலன்ஸ் போன றோட்டு இதுதான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, வாசலில ரோசாச் செடி. ஒரு பள்ளிக்கூடமும் கிடக்கு.

ஆஸ்பத்திரியில கவுண்டரில ஒரு வெள்ளைப் பிள்ளை. நல்ல பிள்ளை. அண்ணையின்ர பேரைச் சொன்னோடன முகம் மாறி, மனவருத்தம் சொன்னா. நான் ரெயினிலயே யோசிச்சு வைச்சதைக் கேட்டன்: இதைக் கறுத்த ஆக்களுக்குக் குடுக்க வேண்டாம் எண்டு எழுதி வைப்பியளோ? அவவுக்கு விளங்கேல்லை. தன்ர விரலில மாட்டிப் பாத்தா.

"மெசின் பழுதில்லை. நல்லா வேலை செய்யுது" எண்டா.

பழுது எண்டாத் திருத்தலாமே. கையால விடாமல் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பின்னால லைன் நீளுது. விட்டிட்டன். அவ மருந்துத் துணியால துடைச்சுப் புதுப் பையில போட்டு, கதிரையில இருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டா. அந்த மெசினைத்தான் அவற்ற கையில குடுத்து, தொண்ணூற்றி ரெண்டுக்குக் கீழ போனா அடியுங்கோ எண்டு சொன்னா. அதே பாட்டு. அந்தாள் எல்லாத்துக்கும் "யெஸ், யெஸ்" எண்டு தலையாட்டினார். என்னை விடக் கறுப்பு.

வாசல் மட்டும் பின்னால போய்க் கேட்டன். "அங்கிள், தமிழோ?"

"ஓம் தம்பி. ஊர் பேசாலை. அவ என்ன சொன்னவ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அண்ணையின்ர கதையைச் சொன்னன். அந்தாள் மெசினைப் பையால எடுத்துப் பாத்தார்.

"அப்ப இது பொய் சொல்லுமோ?"

"பொய் எண்டில்லை அங்கிள். எங்கட தோலைப் பாத்துச் செய்யேல்லை. நம்பர் நல்லா இருந்தாலும் மூச்சு ஏலாட்டி அம்புலன்சுக்கு அடியுங்கோ. சொண்டு நீலமோ எண்டு கேட்டா, எங்கட சொண்டில அது தெரியாது எண்டு சொல்லுங்கோ. கதைக்கவே ஏலாமக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

"எனக்கு இங்கிலீசு வராதே தம்பி."

"அப்ப எனக்கு அடியுங்கோ. நான் கதைக்கிறன். எந்த நேரமெண்டாலும்."

என்ர நம்பரை அவற்ற போனில போட்டுக் குடுத்தன். தெரிஞ்சுகொண்டே என்னாலயும் சும்மா வர ஏலாது.

திரும்பி வரேக்கை கை வெறுமையாக் கிடந்தது. ஊரில எங்களை எந்தச் சாதி எண்டு கேட்டுத்தான் வாசலில நிப்பாட்டினவை. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம், சிரிச்சுக்கொண்டு கூப்பிடுவினம். ஆனால் எங்களை நினையாமல் செய்த சாமானைக் கையில தந்து வீட்டை போ எண்டு விடுவினம்.

இண்டைக்குக் கோழிக்கடையில போனை மேசையில வைச்சுத்தான் வேலை செய்தன், முதலாளி ஏசினார். அந்த அங்கிள் இன்னும் அடிக்கேல்லை. நல்லா இருக்கிறபடியா அடிக்கேல்லையோ, எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிறு பூசையில யூட் எண்டு பேர் சொல்லி மன்றாடுங்கோ. அந்தப் பேசாலை மனிசனையும் சேருங்கோ. வாய்க்குள்ள முணுமுணுக்காமல் நல்லா மூச்செடுத்துச் சத்தமாச் சொல்லுங்கோ. அண்ணைக்குக் கடைசியில அது ஏலாமப் போச்சுது.